மதுரையைச் சுற்றி உள்ள மலைகளும் அங்கே நடந்து போனவர்களும்

மதுரையில் பார்க்க என்ன இருக்கிறது என்று யாராவது கேட்டால், மீனாட்சியம்மன் கோயில், திருமலை நாயக்கர் மஹால், காந்தி மியூசியம் என்று சொல்லிவிட்டு, அதற்கு மேல் வேண்டுமென்றால் கொடைக்கானலுக்கு பஸ் ஏறச் சொல்லிவிடுவார்கள். இத்தனைக்கும் ஊரைச் சுற்றி எந்தப் பக்கம் பார்த்தாலும் மலை. மேற்கே நாகமலை, சமணர்மலை. தெற்கே பசுமலை, திருப்பரங்குன்றம். வடகிழக்கே படுத்திருக்கும் யானை மாதிரியே ஆனைமலை. அதற்கும் அப்பால் அழகர்மலை, மாங்குளம், அரிட்டாபட்டி. எல்லாமே வண்டியில் அரை மணி, மிஞ்சிப்போனால் ஒரு மணி நேரத் தூரம். காலையில் கிளம்பி ஏறி இறங்கி, மதியச் சாப்பாட்டுக்கு வீடு திரும்பிவிடலாம்.

இந்த மலைகளுக்கு மதுரையிலிருந்து ஆட்கள் போய்வருவது புதிய வழக்கம் அல்ல. குறைந்தது 2000 வருடமாக நடக்கிறது. அதற்கு எழுத்திலேயே சாட்சி இருக்கிறது.

அழகர்மலைத் தொடரில் கிடாரிப்பட்டிக்கு மேலே ஒரு பெரிய குகைத்தளம் உண்டு. ஊர்க்காரர்கள் பஞ்சபாண்டவர் படுக்கை என்பார்கள். (தமிழ்நாட்டில் கற்படுக்கை எங்கே இருந்தாலும் அதில் பஞ்சபாண்டவர்கள் படுத்துத்தான் ஆகவேண்டும்!) உண்மையில் அவை சமணத் துறவிகளுக்காக வெட்டிய படுக்கைகள். தலைப்பக்கம் கொஞ்சம் உயர்த்தி, தலையணை போலச் செதுக்கியிருப்பார்கள். மழைத்தண்ணீர் பாறையில் வழிந்து உள்ளே வராமல் இருக்க, முகப்பில் நீளமாக ஒரு காடி வெட்டியிருப்பார்கள். அந்தக் காடியை ஒட்டித்தான் தமிழ்-பிராமி எழுத்துகள் இருக்கும். கிடாரிப்பட்டியில் உள்ள எழுத்துகளைப் படித்தால் ராஜா பெயரோ போர் வெற்றியோ கிடையாது. மதுரைப் பொற்கொல்லன் ஒருவன், உப்பு வணிகன் ஒருவன், கொழு விற்பவன் ஒருவன், வெல்லப்பாகு விற்பவன் ஒருவன் என்று கடைத்தெரு ஆட்களின் பெயர்ப்பட்டியல்தான். உப்பு வணிகன் பெயர் வியகன். கொழு என்றால் ஏரில் மாட்டும் இரும்பு முனை. ஆளுக்குக் கொஞ்சம் போட்டு, ஊருக்கு வெளியே தவம் செய்தவர்களுக்கு இருக்க இடம் செய்துகொடுத்திருக்கிறார்கள். இன்றைக்குக் கோயில் டியூப்லைட்டில் உபயம் என்று பெயர் எழுதுகிறார்களே, அதேதான். வெளிச்சத்தை மறைக்காத அளவுக்கு அடக்கமாக எழுதியிருக்கிறார்கள் என்பது மட்டும் வித்தியாசம்.

மாங்குளத்தில் ராஜா வருகிறான். மீனாட்சிபுரம் என்ற சிற்றூரின் பக்கத்தில் உள்ள மலை அது. ஓவாமலை என்றும் சொல்வார்கள். 1882-ல் ராபர்ட் சீவெல் என்ற ஆங்கிலேய அதிகாரி இங்குள்ள எழுத்துகளைப் பற்றிக் குறிப்பு எழுதினார். தமிழ்நாட்டில் இந்த வகைக் கல்வெட்டு வெளி உலகத்துக்குத் தெரியவந்தது அப்போதுதான். ஆனால் எழுத்து தெரிந்ததே தவிர மொழி புரியவில்லை. அசோகர் கல்வெட்டு எழுத்தைப் போலவே இருந்ததால் மொழியும் பிராகிருதமாகத்தான் இருக்கும் என்று நினைத்துக் குழம்பினார்கள். 1924-ல் கே.வி. சுப்பிரமணிய ஐயர், இதில் ழ, ள, ற, ன போன்ற தமிழுக்கே உரிய எழுத்துகள் இருப்பதைக் காட்டி, இது தமிழ் என்றார். பின்னர் ஐராவதம் மகாதேவன் 1960-களில் ஊர் ஊராகப் பாறை பாறையாக ஏறி நேரில் படித்து, மாங்குளத்தில் இருப்பது நெடுஞ்செழியன் என்ற பாண்டியன் பெயர் என்று நிறுவினார். அவனுடைய அதிகாரி கடலன் வழுதி என்பவன் கணி நந்தாசிரியன் என்ற துறவிக்குப் பள்ளி அமைத்துக் கொடுத்திருக்கிறான். இன்னொரு கல்வெட்டில் வெள்ளறை ஊரின் வணிகர் சபையே சேர்ந்து கொடுத்திருக்கிறது. காலம் கி.மு. 2-ஆம் நூற்றாண்டு என்பது மகாதேவன் கணிப்பு. சங்க இலக்கியத்தில் மட்டும் கேட்ட ஒரு பாண்டியப் பெயர், கோடை வெயிலில் சுடும் ஒரு பாறையில் இருந்து கிடைத்தது சாதாரண விஷயம் அல்ல. சங்க காலம் என்பதே கற்பனை என்று வாதாடியவர்களுக்கு அது சங்கடமாகத்தான் இருந்திருக்கும்.

மாங்குளம் ஏறுவது கொஞ்சம் சிரமம். முதன்முதலில் போகிறவர்களுக்கு கீழக்குயில்குடி சமணர்மலைதான் சரி. தேனி ரோட்டில் நாகமலை புதுக்கோட்டைக்கு முன்னால் திரும்பினால், மலை அடிவாரத்தில் தாமரைக்குளம், பெரிய ஆலமரங்கள், மண் குதிரைகளோடு அய்யனார் கோயில். இந்த மலையில் இரண்டு இடங்கள் முக்கியம். ஒன்று செட்டிப்புடவு. புடவு என்றால் குகை. வாசலுக்குப் பக்கத்துப் பாறையில் பெரிய தீர்த்தங்கரர் உருவம் உட்கார்ந்த நிலையில் இருக்கிறது. நீண்ட காதும் அமைதியான முகமும் பார்த்து, யாரோ பெரிய செட்டியார் என்று முடிவுகட்டி ஜனங்கள் அந்தப் பெயர் வைத்துவிட்டார்கள். குகைக்கு உள்ளே அரைவட்டக் கூரையில் ஐந்து புடைப்புச் சிற்பங்கள். அதில் சிங்கத்தின் மேல் ஏறி, யானை மேல் வரும் எதிரியோடு சண்டை போடும் ஒரு இயக்கி இருக்கிறாள். அகிம்சையே பேசும் மதத்தின் குகையில் வில்லும் சிங்கமுமாக அவள் நிற்பது பார்ப்பவரை யோசிக்க வைக்கும்.

இன்னொன்று பேச்சிப்பள்ளம். படி ஏறிப் போனால் ஒரு சுனையும் அதற்கு மேல் வரிசையாக எட்டுச் சிற்பங்களும். மகாவீரர், பார்சுவநாதர், பாகுபலி எல்லாம் உண்டு. ஒவ்வொன்றின் கீழும் வட்டெழுத்தில் யார் செய்வித்தது என்று எழுதியிருக்கிறது. காலம் 9, 10-ஆம் நூற்றாண்டு. அச்சணந்தி என்ற துறவியின் பெயர் மதுரைப் பக்கத்து மலைகள் பலவற்றில் திரும்பத் திரும்ப வரும். இங்கே ஒரு சிற்பத்தின் கீழே இருப்பது அவருடைய தாயார் குணமதியார் பெயர். வீட்டை விட்டுத் துறவியாகப் போன பிள்ளையின் பெயரைச் சொல்லித் தன்னை அடையாளம் காட்டிக்கொண்ட அந்த அம்மாவைப் பற்றி வேறு ஒன்றும் தெரியாது. இதே மலையில் குறண்டி என்ற ஊரில் இருந்த பெரிய சமணப் பள்ளியின் மாணவர்கள் பெயரும் இருக்கிறது. இன்னும் மேலே ஏறினால் ஒரு கட்டடத்தின் அடித்தளமும், பாறையில் கன்னட எழுத்தில் ஒரு கல்வெட்டும் உண்டு. பாண்டிய நாட்டு மலை உச்சியில் கன்னடம் எப்படி வந்தது என்றால், கர்நாடகத்துச் சமணத் துறவிகள் இங்கே வந்து தங்கியிருக்கிறார்கள், அவ்வளவுதான்.

இந்த இடத்தில் ஒரு பழைய கதையைச் சொல்லியாக வேண்டும். திருஞானசம்பந்தரோடு நடந்த வாதத்தில் தோற்ற சமணர்கள் 8000 பேர் மதுரையில் கழுவேற்றப்பட்டார்கள் என்று சைவ நூல்கள் சொல்கின்றன. சம்பந்தர் காலம் 7-ஆம் நூற்றாண்டு. சமண நூல்களில் இப்படி ஒரு சம்பவம் கிடையாது. அது நடந்ததா இல்லையா என்று இன்றும் வாதம் ஓய்ந்தபாடில்லை. ஆனால் வாதாடுகிறவர்களில் பலர் பேச்சிப்பள்ளம் வரை நடந்ததில்லை என்று தோன்றுகிறது. ஏனென்றால் அங்குள்ள சிற்பங்கள் சம்பந்தருக்கு இருநூறு, முன்னூறு வருடம் பிந்தியவை. சமணம் அரசர்களின் ஆதரவை நிறைய இழந்திருக்கலாம், ஆனால் 7-ஆம் நூற்றாண்டோடு மதுரையில் இருந்து துடைத்து எடுக்கப்படவில்லை என்பதற்கு அந்தப் பாறையே போதும்.

மலைகளின் பெயரிலும் அந்தச் சண்டையின் நினைவு ஒட்டிக்கொண்டிருக்கிறது. பரஞ்சோதி முனிவரின் திருவிளையாடற் புராணத்தில் சமணர்கள் மதுரையை அழிக்க யானையை ஏவுகிறார்கள், நாகத்தை ஏவுகிறார்கள், மாயப்பசுவை ஏவுகிறார்கள். மூன்றும் தோற்று மலையாகிக் கிடக்கின்றன: ஆனைமலை, நாகமலை, பசுமலை. கதை சுவையானதுதான். ஆனால் ஆனைமலைக்கு அந்தப் பெயர் புராணம் வருவதற்கு ஆயிரம் வருடத்துக்கு மேல் முன்பே இருந்தது. அங்குள்ள தமிழ்-பிராமி கல்வெட்டிலேயே இவகுன்றம் என்று இருக்கிறது. இபம் என்றால் யானை. நகரத்தில் இருந்து பார்க்கிற யாருக்கும் அது யானையாகத்தான் தெரியும், அதற்குப் புராணம் தேவையில்லை.

ஆனைமலை ஒத்தக்கடைக்குப் பக்கத்தில், டவுன் பஸ்ஸிலேயே போகும் தூரம். மலை முழுக்க ஒரே பாறை, நீளம் ஏறக்குறைய மூன்று கிலோமீட்டர். அடிவாரத்தில் நரசிங்கப் பெருமாள் குடைவரைக் கோயில். பாண்டியன் நெடுஞ்சடையன் பராந்தகனின் அமைச்சர் மாறன் காரி இதைத் தொடங்கினார். முடிக்கும் முன்பே இறந்துபோனார். அவர் தம்பி மாறன் எயினன் முன்மண்டபம் கட்டி முடித்தார். கல்வெட்டில் கலி ஆண்டு கொடுத்திருப்பதால் கி.பி. 770 என்று துல்லியமாகச் சொல்ல முடிகிறது. இதே மலையில் மேலே போனால் அச்சணந்தி செய்வித்த சமணச் சிற்பங்கள். சில சிற்பங்களில் பழைய சுதையும் வண்ணமும் இன்னும் ஒட்டியிருக்கின்றன. ஒரே மலையில் கீழே விஷ்ணு, மேலே தீர்த்தங்கரர். பக்கத்திலேயே லாடன் கோயில் என்ற முருகன் குடைவரையும் உண்டு. அக்கம்பக்கத்தில் எப்படிச் சமாளித்தார்கள் என்று கல்வெட்டு சொல்வதில்லை.

இவ்வளவு காலம் நின்ற மலைகளுக்கு ஆபத்து வந்தது கடைசி முப்பது வருடத்தில்தான். மேலூர் பக்கத்துக் கல் வெளிநாட்டில் நல்ல விலைக்குப் போகும் கிரானைட். அதில் ஒரு வகை காஷ்மீர் ஒயிட் என்ற பெயரில் விற்கிறது, காஷ்மீருக்கும் அதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. கீழவளவில் கற்படுக்கையும் தமிழ்-பிராமியும் உள்ள பஞ்சபாண்டவர் மலை தப்பியது, ஆனால் சுற்றி உள்ள பாறைகளை கேக் வெட்டுவது போலச் சதுரம் சதுரமாக வெட்டி எடுத்திருக்கிறார்கள். மதுரை கலெக்டராக இருந்த உ. சகாயம் 2012 மே மாதம் அரசுக்கு அனுப்பிய அறிக்கையில், கிரானைட் முறைகேட்டால் அரசுக்கு 16,338 கோடி ரூபாய் வரை இழப்பு என்று எழுதினார். அதன்பிறகு சோதனைகளும் வழக்குகளும் நடந்தன. 2014-ல் உயர் நீதிமன்றம் அவரையே விசாரணை ஆணையராக நியமித்தது. கோடி கணக்கு வரட்டும், போகட்டும். வெட்டிய மலை திரும்ப வளராது.

2010-ல் ஆனைமலையையே சிற்ப நகரமாக மாற்றும் யோசனை ஒன்று வந்தது. சுற்றியுள்ள ஊர் ஜனங்கள் எதிர்த்ததால் கைவிடப்பட்டது. எழுத்தாளர் அ. முத்துகிருஷ்ணன் பசுமை நடையைத் தொடங்கியது அந்தச் சூழ்நிலையில்தான். விடுமுறை நாள் காலையில் குடும்பம் குடும்பமாக ஒரு மலைக்குப் போவது, தொல்லியல் அறிஞர் சொ. சாந்தலிங்கம் போன்றவர்கள் கல்வெட்டைப் படித்து விளக்குவது, எல்லோரும் சேர்ந்து சாப்பிட்டுத் திரும்புவது. போராட்டம், கோஷம் எதுவும் இல்லாமல் ஒரு ஊரையே அதன் மலைகளுக்கு அறிமுகம் செய்துவைத்தது பெரிய காரியம். அதற்கு முன் அந்தப் பாறைகள் சீட்டாடவும் பாட்டில் உடைக்கவும், சுண்ணாம்பில் காதலி பெயர் எழுதவும்தான் பயன்பட்டன.

ஆனால் மலைகளைக் காப்பாற்றியதில் முதல் பங்கு உள்ளூர்க்காரர்களுக்குத்தான். அரிட்டாபட்டி அதற்கு நல்ல உதாரணம். ஏழு சிறு குன்றுகள், சுனைகள், ஏரிகள். தமிழ்-பிராமி கல்வெட்டு, தீர்த்தங்கரர் சிற்பம், லகுலீசர் உருவம் உள்ள சிவன் குடைவரை எல்லாம் ஒரே ஊரில். லகர் ஃபால்கன், ஷாஹீன் ஃபால்கன், போனெல்லிக் கழுகு ஆகிய வேட்டைப் பறவைகள் இங்கே இருக்கின்றன. தேவாங்கும் எறும்புதின்னியும் உண்டு. குவாரிக்கு விடாமல் ஊர் ஜனங்கள் பல வருடம் எதிர்த்து நின்றார்கள். 2022 நவம்பரில் அரிட்டாபட்டியிலும் மீனாட்சிபுரத்திலும் சேர்த்து 193.42 ஹெக்டேரைத் தமிழக அரசு பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அறிவித்தது. மாநிலத்தில் அதுவே முதல் அறிவிப்பு. அந்த மீனாட்சிபுரம்தான் நெடுஞ்செழியன் கல்வெட்டு இருக்கும் ஊர்.

சரியாக இரண்டு வருடம். 2024 நவம்பர் 7 அன்று மத்திய சுரங்க அமைச்சகம் நாயக்கர்பட்டி டங்ஸ்டன் பிளாக் என்று பெயரிட்ட 2015.51 ஹெக்டேரின் ஏலத்தில் வென்ற நிறுவனத்தை அறிவித்தது. அந்த எல்லைக்குள் பாரம்பரியத் தலமும் அடக்கம்! மேலூர் வட்டார கிராமங்கள் ஒன்று சேர்ந்தன. டிசம்பர் 9 அன்று சட்டசபை எதிர்த்துத் தீர்மானம் போட்டது. 2025 ஜனவரி 7 அன்று நரசிங்கம்பட்டியில் இருந்து மதுரை தல்லாகுளம் வரை ஆயிரக்கணக்கானவர்கள் ஊர்வலமாக வந்தார்கள். நகரத்து ஆட்கள் மலைக்கு நடப்பது போய், மலையடிவாரத்து ஜனங்கள் நகரத்துக்கு நடந்து வந்த நாள் அது. பிறகு அம்பலக்காரர்கள் தில்லிக்குப் போய் சுரங்க அமைச்சரைச் சந்தித்தார்கள். ஜனவரி 23 அன்று ஏலம் ரத்து என்று அறிவிப்பு வந்தது.

அரிட்டாபட்டிக்குப் போக நினைப்பவர்கள் மேலூர் ரோட்டில் போய்த் திரும்ப வேண்டும். பறவை பார்க்க வேண்டுமென்றால் விடிவதற்கு முன்பே அங்கே இருப்பது நல்லது. பத்து மணிக்கு மேல் பாறை சுட ஆரம்பித்துவிடும். குடிக்கத் தண்ணீரும் தொப்பியும் அவசியம். கல்வெட்டு சரியாகத் தெரியவில்லை என்று அதன் மேல் சாக்பீஸ் தேய்க்க வேண்டாம். சாய்ந்த வெயிலில் எழுத்து தானாகவே தெரியும்.