கோல்ஃப் மட்டையின் தண்டு முறிவும் இணைப்பு முறைகளும்

கோல்ஃப் எனப்படும் குழிப்பந்தாட்டத்தின் மட்டை பிடி, தண்டு, தலை என மூன்று பகுதிகளைக் கொண்டது. வலுவாக வீசும் ஆட்டக்காரரின் மட்டை முறியும்போது, பெரும்பாலும் தண்டு தலைக்குள் நுழையும் கழுத்துப் பகுதியிலேயே முறிகிறது. மரம், எஃகு, கரிம இழை எனத் தண்டின் பொருள் மாறிய ஒவ்வொரு காலத்திலும் இந்த இணைப்பைக் காக்க வெவ்வேறு வழிகள் கையாளப்பட்டன.

மரத் தண்டுகள்

1603ஆம் ஆண்டில் ஸ்காட்லாந்து மன்னர் ஆறாம் ஜேம்ஸ், எடின்பரோவைச் சேர்ந்த வில்லியம் மேய்ன் என்பவரைத் தம் மட்டை செய்பவராக நியமித்தார். மேய்ன் வில் செய்யும் தொழிலாளர். வளைந்தும் முறியாத மரத்தைத் தேர்ந்தெடுப்பதே இரு தொழில்களுக்கும் அடிப்படையாகும்.

அக்காலத்தில் தண்டின் முனையும் தலையின் கழுத்தும் சாய்வாகச் சீவப்பட்டு, பசையிட்டு ஒட்டப்பட்டு, மேலே நூலால் இறுகச் சுற்றப்பட்டன. அடியின் விசை நீண்ட ஒட்டுப் பரப்பில் பரவியதால் ஒரே இடத்தில் அழுத்தம் குவியவில்லை. 1848 அளவில் கட்டாபெர்ச்சா பந்து வந்தது. இறகுப் பந்தைவிடக் கடினமான இப்பந்து மட்டைகளை விரைவில் சேதப்படுத்தியது. 19ஆம் நூற்றாண்டில் வட அமெரிக்க ஹிக்கரி மரம் தண்டுக்கு ஏற்றதாக நிலைபெற்றது. மர இழை முனைவரை நேராக ஓடும் துண்டுகளே தேர்ந்தெடுக்கப்பட்டன. இழை பக்கவாட்டில் விலகிய தண்டு அவ்விடத்திலேயே பிளந்தது.

எஃகுக் குழாய்

அமெரிக்காவின் ஸ்கெனெக்டடி நகரைச் சேர்ந்த ஆர்தர் நைட் 1910இல் எஃகுக் குழாய்த் தண்டுக்குக் காப்புரிமை பெற்றார். அமெரிக்க கோல்ஃப் சங்கம் 1924இலும், செயின்ட் ஆண்ட்ரூஸின் ஆர் அண்ட் ஏ அமைப்பு 1929இலும் எஃகுத் தண்டை அனுமதித்தன. 1930இல் பாபி ஜோன்ஸ் நான்கு பெரும் போட்டிகளையும் ஹிக்கரி மட்டைகளால் வென்றார். மறு ஆண்டே பில்லி பர்க் எஃகுத் தண்டுடன் அமெரிக்க ஓப்பன் போட்டியை வென்றார்.

எஃகு மரத்தைப் போல் துண்டுக்குத் துண்டு வேறுபடுவதில்லை. எனினும், தலையை நிலைநிறுத்தக் கழுத்தின் குறுக்கே ஆணி அடிக்கும் பழைய வழக்கம் தொடர்ந்தது. ஆணிக்கான துளை மெல்லிய குழாயை வலுவிழக்கச் செய்தது. உட்புறம் பிடித்த துருவும் முறிவுக்குக் காரணமாயிற்று. எப்பாக்ஸி பசை பரவிய பின் ஆணியின் தேவை நீங்கியது.

கரிம இழைத் தண்டு

1969இல் ஷேக்ஸ்பியர் நிறுவனத்தில் பணியாற்றிய பொறியாளர் ஃபிராங்க் தாமஸ் கிராஃபைட் தண்டை உருவாக்கினார். எடை குறைந்த இத்தண்டு நீண்ட மட்டைக்கும் வேகமான வீச்சுக்கும் வழிவகுத்தது. இயக்க ஆற்றல் வேகத்தின் இருமடிக்கு ஏற்ப உயர்வதால், வேகம் சற்றே கூடினாலும் இணைப்பின் மீதான சுமை பெரிதும் கூடுகிறது. கரிம இழைகள் நீளவாக்கில் மிக வலிமையானவை. ஆனால் கூரிய விளிம்பு குறுக்கே அழுத்தினால் எளிதில் அறுபடும். இதனால் எஃகு தாங்கிய கழுத்து விளிம்பு கிராஃபைட்டுக்கு ஆபத்தானது.

முறிவைத் தடுக்கும் முறைகள்

• கழுத்துத் துளையின் உள் விளிம்பைக் கூம்பு வடிவில் சரித்துக் கடைதல். அந்த இடைவெளியில் நிரம்பும் பசை மெத்தை போல் செயல்பட்டு விசையைப் பரப்புகிறது.
• தண்டு முனையின் மேற்பூச்சை மட்டும் உரசி நீக்குதல். இழைவரை உரசினால் தண்டு பலவீனமாகும்.
• துளையின் விட்டத்துக்குப் பொருந்தும் தண்டைத் தேர்ந்து, போதிய ஆழம் செருகுதல்.
• பசை முழுமையாக இறுகும்வரை மட்டையைப் பயன்படுத்தாதிருத்தல்.
• பழைய தலையைக் கழற்றும்போது வெப்பத்தை அளவோடு செலுத்துதல். மிகுந்த சூடு இழைகளைப் பிணைக்கும் பிசினைச் சிதைக்கும்.
• வேகமான வீச்சுக்கு விறைப்பான தண்டைத் தேர்ந்தெடுத்தல். ஆனால் கழுத்து விளிம்பு கூராக இருந்தால் விறைப்பான தண்டும் முறியும்.

2023 முதல் நடைமுறையிலுள்ள விதிகளின்படி, ஆட்டத்தின் நடுவே மட்டை சேதமடைந்தால் அதைப் பழுதுபார்க்கவோ மாற்றவோ செய்யலாம். ஆட்டக்காரர் கோபத்தில் முறித்த மட்டைக்கு இச்சலுகை இல்லை.