பின்னல் அவிழ்ந்த ஆறு

ஆறு என்றால் நமக்கு எல்லாம் ஆறுதான். கரை இருக்கிறது, மணல் இருக்கிறது, தண்ணீர் போகிறது. இதில் இனம் பிரிக்க என்ன இருக்கிறது என்று கேட்கத் தோன்றும். ஆனால் 1957-ஆம் ஆண்டில் லூனா லியோபோல்டு, கோர்டன் வோல்மன் என்ற இரு அமெரிக்க அறிஞர்கள், ஆறுகளை உருவத்தைக் கொண்டே மூன்றாகப் பிரித்தார்கள். நேராகச் செல்வது ஒன்று. பாம்புபோல் வளைந்து நெளிந்து செல்வது ஒன்று. மணல் திட்டுகளின் நடுவே பல கால்களாகப் பிரிந்தும் கூடியும், கூந்தலைப் பின்னியதுபோல் ஓடுவது மற்றொன்று. நீரின் அளவுக்கும் தரையின் சரிவுக்கும் ஏற்பவே இந்த உருவம் அமைகிறது என்பதை அவர்கள் கணக்கிட்டுக் காட்டினார்கள். அப்படியானால், நீரின் போக்கை மாற்றினால் ஆற்றின் உருவமும் மாறத்தானே வேண்டும்?

அதற்குச் சாட்சி, அமெரிக்காவில் நெப்ராஸ்கா சமவெளியில் ஓடும் பிளாட் நதி. 1840-களில் மேற்கு நோக்கிக் குடும்பம் குடும்பமாக வண்டி கட்டிக்கொண்டு போனவர்கள் இதன் கரையோரமாகத்தான் போனார்கள். அகலமோ அகலம், ஆழம் மட்டும் இல்லை. அசல் பின்னல் ஆறு! ராக்கி மலைகளில் பனி உருகியதும் வெள்ளம் வரும். திட்டுகளில் முளைத்த செடிகளை வேரோடு அடித்துக்கொண்டு போகும். ஆற்றை ஆறாக வைத்திருந்தது அந்த வெள்ளமே.

பிறகு அணைகள் எழுந்தன. 1909-ல் பாத்ஃபைண்டர், 1941-ல் கிங்ஸ்லி. வயல்கள் விளைந்தன, அதைக் குறை சொல்ல யாருக்கு மனம் வரும்? ஆனால் வெள்ளம் அடங்கியது. திட்டுகளில் முளைத்த வில்லோவும் காட்டன்வுட்டும் மரமாகி நின்றன. திட்டு தீவாயிற்று, தீவு கரையோடு ஒட்டிக்கொண்டது. 1865-ஆம் ஆண்டின் அகலத்தோடு 1969-ஆம் ஆண்டின் அகலத்தை ஒப்பிட்டு, கார்னெட் வில்லியம்ஸ் என்பவர் 1978-ல் ஓர் அறிக்கை வெளியிட்டார். நதியின் மேற்பகுதியில் பெரும்பாலான இடங்களில் பத்தில் ஒரு பங்கோ இரண்டு பங்கோதான் மிஞ்சியிருந்தது.

அகலம் போனால் போகட்டும் என்று விட்டுவிட முடியுமா? வசந்தம் தோறும் லட்சக்கணக்கான ஸாண்ட்ஹில் கொக்குகள் வடக்கே போகும் வழியில் இங்கே தங்குகின்றன. பகைவர் மறைந்து வர இடமில்லாத அகன்ற வெளியில், ஆழமற்ற தண்ணீரில் நின்றபடியே அவை இரவைக் கழிக்கும். மரம் மூடிய ஓடையில் அவற்றுக்கு ஏது உறக்கம்?

2007 முதல் அரசாங்கங்கள் சேர்ந்து, திட்டுகளில் மண்டிய செடிகளை அகற்றியும் நீருக்கு வழிசெய்தும், நதியின் பழைய உருவத்தில் ஒரு பகுதியையாவது மீட்க முயன்று வருகின்றன. எந்த உருவத்தை மீட்பது என்று தெரிய வேண்டுமானால், முதலில் அது எந்த இனத்து ஆறு என்று தெரிந்திருக்க வேண்டும் அல்லவா? அறிஞர்கள் ஆறுகளுக்கு இனம் பிரித்தது வெறும் பொழுதுபோக்கு அல்ல.