முகத்து உரோமமும் 'நிரந்தரம்' என்ற சொல்லும்

கண்டியிலிருந்து மஹியங்கனை செல்லும் பாதையில், தெல்தெனியவைத் தாண்டி மலையேறினால் வருவது ஹுன்னஸ்கிரிய. நக்கிள்ஸ் மலைத்தொடருக்குப் போகிறவர்கள் இறங்கித் தேநீர் குடித்துவிட்டுப் போகும் சிறிய ஊர். அங்கே என் ராத்தா வீட்டில் ஒரு பெருநாள் விடுமுறையில் தங்கியிருந்தபோது, அவருடைய மகள் ஒரு துண்டுப்பிரசுரத்தைக் கொண்டுவந்து என் கையில் தந்தாள். நகரத்து அழகு நிலையமொன்றினுடையது. 'தேவையற்ற முகரோமத்துக்கு நிரந்தரத் தீர்வு' என்று பெரிய எழுத்தில் அச்சிட்டிருந்தார்கள்.

"சாச்சி, இது உண்மையா?" என்று மெதுவாகக் கேட்டாள்.

அவளுக்கு வயது இருபத்திரண்டு. நாடியில் முளைக்கும் கறுத்த முடியைச் சில வருடங்களாகக் குளியலறைக் கதவைப் பூட்டிக்கொண்டு பிடுங்கி வருகிறாள். கஸ்தூரி மஞ்சள் பூசினால் போதும் என்பது உம்மம்மாவின் முடிவு. மாப்பிள்ளை வீட்டார் வருமுன் எதையாவது செய்துவிட வேண்டும் என்பது ராத்தாவின் கவலை. கை வைப்பதே ஹராம் என்கிறார் பக்கத்து வீட்டு மாமி. ஆளுக்கொரு பதில் இருந்தது. முடி ஏன் முளைக்கிறது என்று மட்டும் எவரும் கேட்கவில்லை.

மாமி சொன்னதையே முதலில் எடுத்துக்கொள்வோம். முக உரோமத்தைப் பிடுங்கும் பெண்ணைப் பற்றிய எச்சரிக்கை ஹதீஸில் வந்திருப்பதை நாம் அறிவோம். ஆனால் ஹிஜ்ரி 676இல் வபாத்தான இமாம் நவவி, ஸஹீஹ் முஸ்லிமுக்கு எழுதிய விரிவுரையில், பெண்ணுக்குத் தாடியோ மீசையோ முளைத்தால் அதை நீக்குவது ஹராமல்ல, விரும்பத்தக்கதே என்கிறார். அவருக்கு முந்திய இமாம் தபரியின் கருத்து இதற்கு மாற்றமானது. அதையும் எடுத்துச் சொல்லிவிட்டே நவவி தமது மத்ஹபின் நிலைப்பாட்டைக் கூறுகிறார். எழுநூறு வருடங்களுக்கு முன்னர் ஏட்டில் பகிரங்கமாக விவாதிக்கப்பட்ட ஒரு விடயத்தை நாம் இன்று குசினிக்குள் குசுகுசுக்கிறோம்.

அக்காலத்து ஹம்மாம்களில் சுட்ட சுண்ணாம்பையும் அரிதாரத்தையும் குழைத்துப் பூசி உடல் உரோமத்தைக் களைந்தார்கள். அரிதாரம் ஆர்சனிக் கலந்த கனிமம். சற்று நேரம் கூடினால் தோலையும் எரித்துவிடும். அரபு நாடுகளின் சீனிப்பாகு, எமது சலூன்களின் நூல், வெக்ஸ் எல்லாம் முடியை வேரோடு இழுப்பவை. ஆனால் முடியை உற்பத்தி செய்யும் குழி தோலுக்குள் உயிரோடு இருப்பதால் சில வாரங்களில் மீண்டும் வளர்ந்துவிடும். மஞ்சளைப் பொறுத்தவரை, தடித்த முடியை அது நிறுத்தும் என்பதற்கு உறுதியான ஆதாரமில்லை. 2019 டிசம்பரில் மஞ்சள் இறக்குமதி தடைசெய்யப்பட்டு, மறுவருடம் கிலோ ஆயிரக்கணக்கான ரூபாவுக்கு விற்றபோதும் உம்மம்மா அதைக் கைவிடவில்லை என்பது வேறு கதை.

முடியின் குழியையே அழிக்கும் முறை பிறந்தது அழகுக்காக அல்ல. அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரில் சார்ள்ஸ் மிஷெல் என்ற கண் வைத்தியர் இருந்தார். கண்ணுக்குள் திரும்பி வளர்ந்து விழியை உராயும் இமை முடியை அகற்ற அவர் ஒரு வழி கண்டார். முடிக்குழிக்குள் மெல்லிய ஊசியைச் செலுத்தி நேர்மின்னோட்டத்தைப் பாய்ச்சினார். குழியிலுள்ள உப்புநீர் பிரிந்து உண்டாகும் சோடியம் ஐதரொட்சைட்டு வேரை அழித்துவிடும். இதை அவர் 1875இல் வெளியிட்டார். தோல் வைத்தியர்கள் விரைவிலேயே அதைப் பெண்களின் முகத்துக்கும் பயன்படுத்தினர். மின்னாற்பகுப்பு எனப்படும் இம்முறை இன்றும் வழக்கிலிருக்கிறது. ஒவ்வொரு முடியாக ஊசி ஏற்ற வேண்டும் என்பதே அதன் குறை. நாடி முழுவதற்கும் மாதக்கணக்கில், சிலருக்கு ஒரு வருடத்துக்கு மேலும், திரும்பத் திரும்பப் போகவேண்டியிருக்கும்.

இந்தப் பொறுமையின்மையின் மீதுதான் வியாபாரம் கட்டப்பட்டது. 1895இல் ரொண்ட்ஜன் எக்ஸ்-கதிரைக் கண்டுபிடித்தார். மறுவருடமே வியன்னாவில் லியோபோல்ட் ஃப்ரொய்ண்ட் என்ற வைத்தியர் ஒரு சிறுமியின் முதுகிலிருந்த உரோமம் அடர்ந்த மச்சத்தில் அக்கதிரைப் பாய்ச்சினார். முடி உதிர்ந்தது. பின்னர் அவ்விடத்தில் புண்ணும் வந்தது. ஆனால் உலகம் உதிர்ந்த முடியை மட்டுமே பார்த்தது. 1920களில் நியூயோர்க்கின் அல்பேர்ட் கைசர் 'ட்ரைக்கோ' என்ற எக்ஸ்-கதிர் முறையை அமெரிக்க நகரங்களின் அழகு நிலையங்களுக்குக் கொண்டுபோனார். வலியில்லை, ஊசியில்லை, நிரந்தரம் என்றார்கள். முதலில் முகம் பளபளத்தது. சில வருடங்களில் தோல் சுருங்கியது, புண்ணானது, பலருக்குப் புற்றுநோயானது. 1929இல் அமெரிக்க மருத்துவச் சங்கம் அதைக் கண்டித்தது. முகத்தில் முடி இருந்ததென்று வெளியில் சொல்ல வெட்கப்பட்டதால், பாதிக்கப்பட்ட பெண்கள் முறையிடவும் கூசினார்கள்.

அடுத்து வந்தது 'கோரெம்லு' என்ற களிம்பு. 1930ஐ ஒட்டிய வருடங்களில் அமெரிக்கக் கடைகளில் விற்பனையான இதில் இருந்தது தாலியம் அசற்றேற்று. எலிப் பாஷாணமாகவும் பயன்பட்ட உலோகம் தாலியம். தலைமுடி கொட்டி, கால்கள் செயலிழந்து பெண்கள் வைத்தியசாலைகளுக்குப் போன பின்னர் வழக்குகள் குவிந்தன. 1932இல் கம்பனி வங்குரோத்தானது. அழகுசாதனப் பொருட்களையும் கட்டுப்படுத்தும் 1938ஆம் ஆண்டின் அமெரிக்கச் சட்டம் இத்தகைய அனுபவங்களின் பின்னரே வந்தது.

லேசரின் கதை இவ்வளவு கொடூரமானதல்ல. 1960இல் தியோடர் மைமன் முதல் லேசரை ஒளிரச் செய்தார். 1983இல் அண்டர்சன், பரிஷ் ஆகிய இருவரும், சரியான அலைநீளத்தைத் தெரிந்தால் சூழவுள்ள தோலைச் சுடாமல் நிறமுள்ள இலக்கை மாத்திரம் சுடலாம் எனக் காட்டினர். முடியைப் பொறுத்தவரை அந்த இலக்கு மெலனின் என்னும் கறுப்பு நிறமி. அதனால் நரைமுடியில் லேசர் பலிக்காது. எமது தோலிலும் மெலனின் நிறைந்திருப்பதால், வெள்ளைத் தோலுக்கு அமைத்த அளவில் பாய்ச்சினால் கொப்புளமும் கருந்தழும்பும் மிஞ்சும். தோலின் மேற்பரப்பில் குறைவாக உறிஞ்சப்பட்டு ஆழத்துக்குச் செல்லும் 1064 நனோமீற்றர் என்.டி.யாக் லேசரே கருந்தோலுக்குப் பொதுவாகப் பாதுகாப்பானது. இன்னொன்றையும் மறைக்கக்கூடாது. கருமையான தோலும் ஹோர்மோன் கோளாறும் உள்ள சில பெண்களின் முகத்தில், லேசரோ ஒளிச்சிகிச்சையோ பெற்ற பின்னர் முடி முன்னரைவிடக் கூடியதும் உண்டு. அமெரிக்க அரசின் மருந்துக் கட்டுப்பாட்டு நிறுவனம் லேசருக்கு அனுமதித்த வாசகம் 'நிரந்தரக் குறைப்பு' என்பதே. 'நிரந்தர அகற்றல்' அல்ல. எங்கள் துண்டுப்பிரசுரத்தில் அந்த ஒரு சொல் விழுந்துவிட்டது.

2000ஆம் ஆண்டில் அனுமதி பெற்ற எஃப்ளோர்னிதின் களிம்பின் கதை வேறொரு விதத்தில் மனதை உறுத்துவது. ஆபிரிக்காவின் உறக்க நோய்க்கு ஊசியாக ஏற்றப்பட்ட மருந்து அது. ஏழைகளின் நோயில் இலாபமில்லையென 1990களில் அதன் உற்பத்தி நின்றுபோனது. பெண்களின் முகரோமத்தைக் குறைக்கும் களிம்பாக அதே மருந்து சந்தைக்கு வந்தது. உலக சுகாதார ஸ்தாபனமும் எல்லைகளற்ற வைத்தியர்கள் அமைப்பும் நெருக்கிய பின்னர், 2001இல்தான் உறக்க நோயாளருக்கு அது மீண்டும் உறுதியானது. களிம்பும் முடியை அகற்றுவதில்லை. வளர்ச்சியைத் தாமதப்படுத்தும், அவ்வளவே. பூசுவதை நிறுத்தினால் ஏறக்குறைய இரண்டு மாதங்களில் பழைய நிலைதான்.

இனி, வீட்டில் எவரும் கேட்காத கேள்வி. 1935இல் சிக்காகோவின் ஸ்டைன், லெவந்தால் என்ற வைத்தியர்கள் ஏழு பெண்களைப் பற்றி எழுதினார்கள். ஒழுங்கற்ற மாதவிடாய், நீர்க்கட்டிகள் போன்று தெரியும் சூலகங்கள், அவர்களில் சிலருக்கு முகரோமம். இன்று பி.சி.ஓ.எஸ். என நாம் கேள்விப்படுவது இதுவே. கம்பஹா மாவட்டத்தில் 15 முதல் 39 வயது வரையான பெண்களிடம் நடத்தி 2008இல் வெளியான ஆய்வொன்று, நூற்றுக்கு 6.3 பேருக்கு இது இருப்பதாகக் கண்டது. நீரிழிவுக்கும் இதற்கும் நெருங்கிய உறவுண்டு. அப்படியானால் நாடியில் முளைக்கும் முடி சில வேளைகளில் உடல் எழுதும் கடிதம். கடிதத்தைப் படிக்காமல் தபாற்காரனை மட்டும் விரட்டினால், அவன் மீண்டும் மீண்டும் வருவான். ஹோர்மோன் கோளாறு இருக்கும்வரை புதிய முடி முளைத்துக்கொண்டே இருக்கும். எந்த ஊசியும் எந்த ஒளியும் அதைத் தடுக்காது.

இவற்றையெல்லாம் அன்றிரவு அவளுக்குச் சொன்னேன். சவரம் செய்தால் முடி தடிக்கும் என்ற பயம் ஆதாரமற்றது, 1928இலேயே மில்ட்ரெட் ட்ரொட்டர் என்ற ஆய்வாளர் சோதித்துக் காட்டிவிட்டார் என்றபோதுதான் முதன்முதலாகச் சிரித்தாள். "அப்ப இவ்வளவு நாளும் சும்மாவா பிடுங்கி நொந்தேன்?"

அவளுடைய நிலையில் தூரமும் ஒரு கணக்கு. மின்னாற்பகுப்புக்கென்றால் அடிக்கடி மலையிறங்க வேண்டும். லேசருக்கு நாலைந்து வாரத்துக்கொரு முறை போதும். முடிவை அவளிடமே விட்டேன். முதலில் வைத்தியரிடம் போய் இரத்தப் பரிசோதனை, அதுவரை சவரம், பிறகு மற்றது என்று தீர்மானித்தாள். துண்டுப்பிரசுரத்தின் பின்பக்கத்தில் அழகு நிலையத்தாரிடம் கேட்க மூன்று கேள்விகளை எழுதினாள். என்ன வகை லேசர்? இயக்குபவர் யார், மேற்பார்க்க வைத்தியர் உண்டா? முதலில் சிறிய இடத்தில் சோதித்துப் பார்ப்பீர்களா?

மறுவாரம் ராத்தாவும் அவளுடன் கண்டி பஸ்ஸில் ஏறினார். இத்தனை வருடங்களில் இந்த விடயத்தைப் பற்றி உம்மாவும் மகளும் வாய்திறந்து பேசியது அந்தப் பயணத்தில்தானாம். தெல்தெனிய வருமுன்னர், தன் இளவயதில் தானும் கதவைப் பூட்டிக்கொண்டதை ராத்தா சொல்லியிருக்கிறார்.