விக்ராந்தின் வெள்ளைப் புலிகள்

1961 மே 18 அன்று, லெப்டினன்ட் ராதாகிருஷ்ண ஹரிராம் தஹிலியானி ஓட்டிவந்த சீ ஹாக் போர் விமானம் ஐ.என்.எஸ். விக்ராந்த் விமானந்தாங்கிக் கப்பலின் மேல்தளத்தில் இறங்கியது. அந்தக் கப்பலில் இறங்கிய முதல் ஜெட் விமானம் அதுதான். பெல்ஃபாஸ்டில் கடற்படையில் சேர்க்கப்பட்டு இரண்டரை மாதங்களே ஆகியிருந்த கப்பல் அப்போது இந்தியாவுக்கே வந்து சேரவில்லை. தஹிலியானி பின்னாளில் இந்தியக் கடற்படைக்கே தளபதியானார்.

அவருடைய படைப்பிரிவுக்கு ஏட்டில் உள்ள பெயர் ஐ.என்.ஏ.எஸ். 300. எல்லோரும் அழைப்பது ‘வெள்ளைப் புலிகள்’ என்று. 1960 ஜூலையில் வேல்ஸ் நாட்டின் பிராடி விமானத் தளத்தில் பிறந்த படை அது. ஆசியாவில் வேறு எந்த நாட்டிடமும் இயங்கும் விமானந்தாங்கிக் கப்பல் இல்லாத காலத்தில், புதிதாக விடுதலை பெற்ற ஒரு நாடு கப்பலில் விமானம் இறக்கும் கலையைக் கற்கத் துணிந்தது.

கலை என்று சொல்வது மிகையல்ல. தரையில் ஒரு போர் விமானத்துக்கு இரண்டு கிலோமீட்டருக்கும் மேல் நீளமான ஓடுதளம் இருக்கும். விக்ராந்தின் முழு நீளமே ஏறக்குறைய 210 மீட்டர்தான். அதிலும் இறங்குவதற்குக் கிடைப்பது ஒரு பகுதி மட்டுமே. அந்த இடமும் அலையில் ஏறி இறங்கும், முன்னால் நகர்ந்துகொண்டே இருக்கும். தளத்தின் குறுக்கே கட்டிய எஃகுக் கம்பிகளில் ஒன்றை விமானத்தின் வால்பக்கக் கொக்கி பிடித்தாக வேண்டும். சக்கரம் தளத்தைத் தொட்ட கணத்தில் விமானி வேகத்தைக் குறைப்பதில்லை. எஞ்சினை முழு விசைக்குத் தள்ளுகிறார். கொக்கி கம்பியைத் தவறவிட்டால் மறுநொடியே வானில் ஏறியாக வேண்டும் அல்லவா? கம்பி பிடித்துவிட்டால் உடம்பு முழுவதும் வாரில் இறுகி முன்னே சாய, சில நொடிகளில் விமானம் நின்றுவிடும். சீ ஹாக்குக்கு எஞ்சின் ஒன்றுதான். நடுக்கடலில் அது நின்றுபோனால் ஒதுங்கத் தரை கிடையாது.

இந்தக் கதையில் கோயம்புத்தூருக்கும் பங்குண்டு. சூலூரில் இரண்டாம் உலகப்போர் காலத்து ஓடுதளம் ஒன்று இருந்தது. கடற்படை ஜெட் விமானங்களின் கரைத்தளமான ஐ.என்.எஸ். ஹன்சா 1961 செப்டம்பரில் அங்கேதான் தொடங்கப்பட்டது. கோவா விடுதலைக்குப் பின் டபோலிம் விமான நிலையம் கடற்படையின் கைக்கு வந்தது. 1964இல் ஹன்சா அங்கே இடம்பெயர்ந்தது. கடலே தெரியாத கொங்கு மண்ணில் கடற்படை ஜெட்கள் பறந்துகொண்டிருந்தன என்பது இன்று சூலூர்க்காரர்களிலேயே எத்தனை பேருக்குத் தெரியுமோ!

பாகிஸ்தானுடனான 1965 போரின்போது விக்ராந்த் பழுதுபார்ப்பில் இருந்தது. கடலில் போய்ப் போரிடும் வாய்ப்பு வரவே இல்லை. அந்தக் குறை ஆறு ஆண்டுகள் கழித்துத்தான் தீர்ந்தது.

1971இல் பாகிஸ்தானுடன் மீண்டும் போர் வந்தபோதும் கப்பல் நோயாளிதான். கொதிகலன் ஒன்றில் விரிசல் கண்டிருந்ததால் முழு வேகத்தில் ஓட முடியாத நிலை. விமானந்தாங்கிக் கப்பலுக்கு வேகம் குறைவது சாதாரணக் குறை அல்ல. கப்பல் காற்றை எதிர்த்து விரைந்தால்தான் இறக்கைக்கு அடியில் போதிய காற்று கிடைக்கும். இல்லையென்றால் ஏறுவதும் ஆபத்து, இறங்குவதும் ஆபத்து. ஆனாலும் கேப்டன் ஸ்வராஜ் பிரகாஷ் தலைமையில் விக்ராந்த் வங்கக் கடலுக்குப் போனது. அதைத் தேடிவந்த பாகிஸ்தான் நீர்மூழ்கிக் கப்பல் காஸி, டிசம்பர் 3 நள்ளிரவையொட்டி விசாகப்பட்டினத்துக்கு அருகே மூழ்கிப்போனது. விக்ராந்தோ அந்தமான் பக்கம் பதுங்கியிருந்தது.

டிசம்பர் 4 அன்று எட்டு சீ ஹாக்குகள் கிழக்குப் பாகிஸ்தானின் காக்ஸ் பஜார் மீது பாய்ந்தன. தொடர்ந்து சிட்டகாங் துறைமுகமும் விமானதளமும் குறிவைக்கப்பட்டன. அடுத்த நாட்களில் குல்னா, மோங்லா என்று தாக்குதல் விரிந்தது. படைப்பிரிவின் தலைவர் லெப்டினன்ட் கமாண்டர் எஸ்.கே. குப்தா தானே முன்னின்று வழிநடத்தினார். தம் விமானம் சுடப்பட்ட பிறகும் அதைக் கப்பலுக்குத் திருப்பிக் கொண்டுவந்து இறக்கினார். அவருக்கும் ஸ்வராஜ் பிரகாஷுக்கும் மகாவீர் சக்ரா கிடைத்தது. கிழக்கு வானில் எதிரியின் சேபர் விமானங்கள் சில நாட்களிலேயே முடங்கிவிட்டன; எனவே வானில் எதிர்ப்பு பெரிதாக இல்லை. ஆனால் தரையிலிருந்து பீரங்கிகள் ஓயவில்லை. தாழப் பறந்து குண்டும் ராக்கெட்டும் வீச வேண்டிய வேலையில், ஒரு சீ ஹாக்கைக்கூட இழக்காமல் போரை முடித்ததுதான் இந்தப் படையின் ஆகப்பெரிய சாதனை.

சீ ஹாக்குகளின் இடத்துக்கு, 1983 டிசம்பர் 16 அன்று முதல் மூன்று சீ ஹாரியர்கள் கோவாவில் வந்திறங்கின. கமாண்டர் அருண் பிரகாஷ் படைத்தலைவர். 1971இல் விமானப்படையின் ஹண்டர் விமானத்தில் பறந்து வீர் சக்ரா பெற்றவர் அவர். பின்னாளில் கடற்படைத் தளபதி. ஹாரியர் அந்தரத்தில் நின்று, அப்படியே கீழே இறங்கும். கம்பியும் கொக்கியும் தேவையில்லை. பார்க்க எளிதாகத் தெரியும் இந்த வித்தைக்குப் படை கொடுத்த விலை கொடியது: வாங்கிய 30 விமானங்களில் பாதிக்கும் மேல் விபத்துகளில் போயின. விமானிகள் சிலர் உயிரையும் இழந்தார்கள். போரில் இழக்காததைப் பயிற்சியில் இழந்த படை இது. துணிச்சல் என்றதும் 1971ஐ மட்டும் நினைப்பது அவர்களுக்குச் செய்யும் அநீதி.

2016 மே 11 அன்று ஹாரியர்கள் ஓய்வு பெற்றன. வெள்ளைப் புலிகள் மிக்-29கே விமானத்துக்கு மாறினார்கள். சீ ஹாக் காலத்துக் கொக்கியும் கம்பியும் மறுபடி வந்துவிட்டன. தஹிலியானி பழகிய அதே பாடத்தை இன்றைய இளம் விமானிகள் விமானந்தாங்கிக் கப்பலான விக்ரமாதித்யாவின் தளத்தில் பழகுகிறார்கள்.

பழைய விக்ராந்தை 2014இல் உடைக்கத் தொடங்கிவிட்டார்கள். காப்பாற்ற முடியாமல் போனது பெரிய இழப்பு. ஆனால் சீ ஹாக்கும் சீ ஹாரியரும் கோவாவின் போக்மாலோ சாலையில் உள்ள கடற்படை விமான அருங்காட்சியகத்தில் நிற்கின்றன. கோவா போகிறவர்கள் கடற்கரையோடு திரும்பிவிடாமல், பிள்ளைகளை அங்கேயும் ஒரு முறை அழைத்துப் போங்கள்.