சேலையூரிலிருந்து மீனம்பாக்கம் வரை

தென்சென்னையில் பாம்பு வளர்ப்பின் வரலாறு தாம்பரத்தை அடுத்த சேலையூரில் தொடங்குகிறது. 1970-ஐ ஒட்டி பாம்பியலாளர் ராமுலஸ் விட்டேகர் அங்கே ஒரு சிறிய பாம்புப் பண்ணை அமைத்தார். தோல் வணிகத்துக்காக இருளர் பழங்குடியினர் பாம்பு பிடித்துக்கொண்டிருந்த காலம் அது. அவர்களுடைய அறிவே பண்ணைக்கு அடித்தளம் என்பதை அழுத்திச் சொல்ல வேண்டும். 1972-இல் பண்ணை கிண்டிக்கு மாறியது. அதே ஆண்டில் வந்த வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின்படி, இன்று மலைப்பாம்பை வீட்டில் வளர்ப்பது குற்றம்.

உள்நாட்டு இனங்களைச் சட்டம் காக்க, பாம்பு வளர்ப்போரின் ஆசை அயல்நாட்டு இனங்கள் பக்கம் திரும்பியது. நியூகினியின் பச்சை மர மலைப்பாம்பும் தென்னமெரிக்காவின் மரகத போவாவும் நெருங்கிய உறவினர் அல்ல. ஆனாலும் இரண்டும் கிடைக்கிளையில் ஒரே விதமாகச் சுருண்டு தொங்கும். கூண்டில் அவற்றுக்குத் தரைப்பரப்பைவிடக் குறுக்குக் கிளையும் காற்றின் ஈரமுமே முதன்மை. பெட்டிக்குள் அடைத்துக் கடத்தும்போது கிளை, ஈரம் இரண்டுமே கிடைப்பதில்லை.

2023 ஏப்ரலில் கோலாலம்பூரிலிருந்து வந்த ஒரு பயணியின் பெட்டிகளில், மீனம்பாக்கம் விமான நிலையச் சுங்கத்துறை 22 பாம்புகளைக் கைப்பற்றியது. 2024 முதல், அருகிவரும் உயிரினங்களின் பன்னாட்டு வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்ஸ் உடன்படிக்கைப் பட்டியலில் உள்ள அயல் இனங்களை வைத்திருப்போர் அவற்றைப் அரசின் பரிவேஷ் இணையதளத்தில் பதிவு செய்வது கட்டாயம்.