கொச்சி குப்பை மேலாண்மை: தரம் பிரித்தால்தான் வருவாய்

மட்டாஞ்சேரி உள்ளிட்ட கொச்சி மாநகராட்சிப் பகுதிகளின் குப்பைகள் நீண்டகாலமாகப் பிரம்மபுரம் கிடங்கில் குவிக்கப்பட்டு வந்தன. அங்கு 2023 மார்ச் 2-ஆம் தேதி பற்றிய தீ ஏறத்தாழ 12 நாள்கள் நீடித்ததால், நகரைப் புகை சூழ்ந்தது. இதையடுத்து, சுற்றுச்சூழல் இழப்பீடாக ரூ.100 கோடி செலுத்துமாறு மாநகராட்சிக்குத் தேசிய பசுமைத் தீர்ப்பாயம் உத்தரவிட்டது.

கேரளத்தில் மக்காத குப்பைகளை, ஹரித கர்ம சேனையைச் சேர்ந்த பெண்கள் வீடுதோறும் கட்டணம் பெற்றுச் சேகரிக்கின்றனர். தரம் பிரிக்கப்பட்ட நெகிழி, கிளீன் கேரளா நிறுவனம் வாயிலாக மறுசுழற்சிக்கு அனுப்பப்படுகிறது. உணவுக் கழிவு கலந்த நெகிழிக்கு உரிய விலை கிடைப்பதில்லை. பிரம்மபுரத்தில் பாரத் பெட்ரோலியம் அமைத்துள்ள, நாளொன்றுக்கு 150 டன் திறன்கொண்ட உயிரிவாயு ஆலைக்கும் நெகிழி கலவாத மக்கும் கழிவே தேவைப்படுகிறது.