குதிரையின் விலையும் புல்லின் விலையும்

குதிரை வாணிகம் பற்றி எழுதியோர் பெரும்பாலும் குதிரையின் விலையைச் சொல்வதோடு நின்றுவிடுகின்றனர். வாங்கிய குதிரையை லாயத்தில் கட்டி நாள்தோறும் தீனி போடுவதற்கு என்ன செலவானது என்ற கணக்கு அருகியே காணப்படுகிறது. நெடுந்தீவுக் குதிரைகளின் வரலாற்றை விளங்கிக்கொள்ள அந்தக் கணக்கையே முதலில் பார்க்கவேண்டும்.

பதின்மூன்றாம் நூற்றாண்டின் இறுதியில், கைஸ் தீவின் ஜமாலுத்தீன் ஆண்டுக்கு 1,400 குதிரைகளைப் பாண்டிய நாட்டுக்கு அனுப்ப உடன்பட்டிருந்தார் என்று பாரசீக வரலாற்றாசிரியர் வஸ்ஸாஃப் எழுதுகிறார். குதிரை ஒன்றுக்கு 220 பொன் தினார். கடல்வழியில் இறந்த குதிரைக்கும் விலை கொடுக்கப்பட்டது. ஆயினும் வந்திறங்கிய குதிரைகள் நீடித்து வாழவில்லை. ஆண்டுக்கு இரண்டாயிரத்துக்கு மேல் வாங்கியும் ஆண்டு முடிவில் நூறுகூட எஞ்சுவதில்லை என்கிறார் மார்க்கோ போலோ. சோற்றோடு இறைச்சியைச் சமைத்துத் தீனியாகக் கொடுத்தனர் என்றும் அவர் குறிப்பிடுகிறார். புல் தின்னும் பிராணிக்கு ஏற்ற தீனி கிடையாதபோது, பொன் கொடுத்து வாங்கியதும் வீணே.

யாழ்ப்பாணக் குடாநாட்டிலும் தீனி எளிதான காரியமன்று. இங்கே ஆறு இல்லை. வயல் மாரி மழையை நம்பியது. கோடையில் மாட்டுக்கு வைக்கோற்போரும் பனையோலையும் குழையுமே கைகொடுப்பன. மாடு அசைபோட்டு வைக்கோலைச் சீரணிக்கும். குதிரைக்கு அந்த வயிறு இல்லை. வைக்கோலை மட்டும் தின்றால் அது மெலியும். கொள்ளும் நல்ல புல்லும் வேண்டும். 250 கிலோ எடையுள்ள சிறு குதிரைக்கு நாளொன்றுக்கு உலர்ந்த தீனி ஐந்து கிலோவாவது தேவை. அவ்வாறாயின் நூறு குதிரைகளுக்கு ஆண்டுக்கு ஏறத்தாழ 180 தொன். உழவு மாட்டுக்கே வைக்கோல் போதாத ஊரில் இதை எவர் கொடுப்பார்?

இதற்கு ஒல்லாந்தர் கண்ட வழிதான் நெடுந்தீவு. 1658இல் யாழ்ப்பாணத்தைக் கைப்பற்றிய அவர்கள், இத்தீவுக்குத் தம் நாட்டு நகரான டெல்ஃப்ட்டின் பெயரைச் சூட்டினர். அதற்கு முன்பே போர்த்துக்கேயர் இதனை ‘மாட்டுத் தீவு’ என்றழைத்தமை மேய்ச்சலின் வளத்தைக் காட்டும். குதிரைகளை வெட்டவெளியில் மேயவிட்டு இனம் பெருக்கினால் புல் வெட்டவும் சுமக்கவும் கூலியில்லை. வேலிக்குக் கடலே போதும். யாழ்ப்பாணத் தளபதியாக இருந்த ஹென்ட்ரிக் ஸ்வார்டெக்ரூன் 1697இல் எழுதிய குறிப்பேட்டிலும் இக்குதிரை வளர்ப்பு இடம்பெறுகின்றது. லாயத்தின் தூண்கள் தீவில் இன்றும் நிற்கின்றன.

எனினும் இலவசப் புல் என்று ஒன்று உண்டா? கணக்கேட்டில் ஏறாத செலவை வேறொருவர் சுமக்கிறார் என்பதே உண்மை. குதிரை மேய்ந்த புல்லில் தீவு மக்களின் மாடுகளுக்கும் பங்கிருந்தது. உவர் நிலத்தில் அருமையாய்க் கிடைக்கும் நன்னீரிலும் அவ்வாறே. வருவாய் கம்பனிக்கு; புல்லும் தண்ணீரும் ஊருக்குரியவை.

பிரித்தானியர் காலத்தில் இவ்வளர்ப்பு கைவிடப்பட்டது. விற்பதற்கு ஆளில்லாமற் போனதும் குதிரைகளுக்கு உடையவரும் இல்லாமற் போயினர். அவற்றின் சந்ததிகளே இன்று கட்டாக்காலிகளாய்த் திரிகின்றன. 2015இல் தீவின் ஒரு பகுதி தேசியப் பூங்காவாகப் பிரகடனப்படுத்தப்பட்டது. ஆயினும் வரட்சிக் காலங்களில் தண்ணீரின்றிக் குதிரைகள் மடிந்த செய்திகள் வந்துள்ளன.

ஒல்லாந்தர் எழுதாமல் விட்ட செலவுதான் இப்பொழுது குதிரைகளின் உயிராகக் கழிகிறது. அவற்றை நம் மரபுச் செல்வம் என்று பெருமை பேசுவோர், கோடைக்கான தண்ணீர்த் தொட்டிக்கும் மேய்ச்சல் தரைக்கும் ஆகும் செலவையும் ஏற்றுக்கொள்ளவேண்டும். அதைத் தீவின் மாட்டுக்காரர் தலையில் மறுபடியும் சுமத்துவது நீதியாகாது.